ஆனைக்கொன்றானின் மூன்றாம் பாகம்

வெளிமாநிலத்தில் குடியிருக்கும் நம் வீடுகளுக்குள் தமிழ் மூன்று வாசல் வழியாக வருகிறது. முதல் வாசல் பாட்டி. இரண்டாவது, ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகை. மூன்றாவது தொலைக்காட்சிப் பெட்டி. பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் மலையாளமும் பேசும் நம் பேரப்பிள்ளைகள் ஒரு நாளில் கேட்கும் தமிழில் பாதிக்கு மேல் இந்த மூன்றாவது வாசல் வழியாகத்தான் வருகிறது என்று சொன்னால் நம் சங்க அன்பர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள் என நினைக்கிறேன். அதனால் அந்த வாசலில் என்ன வருகிறது என்று பெரியவர்கள் எப்போதாவது எட்டிப் பார்ப்பது நல்லது.

அப்படி நான் எட்டிப் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தமிழ்க் குரல் கொடுக்கப்பட்ட ‘அனகோண்டா’ மூன்றாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு வயதுப் பேரன் தலையணையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். நானும் உட்கார்ந்துவிட்டேன். படம் முடிந்ததும் அவன் கேட்டான்: “தாத்தா, கரமனை ஆத்துல அனகோண்டா வருமா?” வராது என்று ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்தைந்து வருடம் ரயில் தண்டவாளத்தோடு பழகியவனுக்கு, ஒன்று ஏன் நடக்காது என்பதைக் கணக்கோடு சொன்னால்தான் திருப்தி. அந்தக் கணக்கையே இங்கே எழுதுகிறேன்.

படத்தின் பூர்வீகம்

முதல் ‘அனகோண்டா’ 1997-இல் வந்தது. லூயி லோசா இயக்கினார். ஜெனிபர் லோபஸ், ஜான் வாய்ட் நடித்தார்கள். நாலரைக் கோடி டாலர் செலவு. விமர்சகர்கள் கேலி செய்தார்கள். மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அந்தப் படத்தில் ஒரு வேடிக்கை உண்டு. படகு பின்னோக்கிப் போவதுபோல் காட்ட, எடுத்த காட்சியைத் திருப்பி ஓட்டிவிட்டார்கள். விளைவு, பின்னால் தெரியும் அருவி கீழிருந்து மேலே ஏறுகிறது! அடுத்த முறை பார்க்கும்போது பிள்ளைகளிடம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நல்ல விளையாட்டு.

இரண்டாம் பாகம் 2004-இல். கதை நடக்கும் இடம் போர்னியோத் தீவு. படம் பிடித்த இடம் பிஜித் தீவு. அங்கே பூக்கும் ஒரு சிவப்பு ஆர்க்கிட் மலரால் பாம்புகள் சாகாமல் வளர்ந்துகொண்டே போகின்றன என்பது கதை. அனகோண்டா தென் அமெரிக்காவின் பாம்பு. போர்னியோவில் அது கிடையாது. ஆனால் உலகிலேயே நீளமான பாம்பாகிய வலைபோல் கோடு போட்ட மலைப்பாம்பு போர்னியோவில் நிஜமாகவே இருக்கிறது. உள்ளூர்க்காரனை வாசலில் நிற்கவைத்துவிட்டு, பத்தாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஆளை அழைத்து வந்த கதை இது.

மூன்றாம் பாகம் திரையரங்குக்கே வரவில்லை. 2008 ஜூலையில் அமெரிக்காவின் ‘சைஃபை’ தொலைக்காட்சிக்காகவே எடுத்து ஒளிபரப்பினார்கள். இயக்கியவர் டான் ஃபாண்ட்லராய். நம் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பேசும் கார் தொடரால் தெரிந்த டேவிட் ஹாசல்ஹாஃப் இதில் பாம்பு வேட்டைக்காரர். கிறிஸ்டல் ஆலன் விஞ்ஞானி. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படத்தில் குள்ள வீரராக வந்த ஜான் ரைஸ் டேவிஸ் பணக்கார வில்லன். அதே சமயத்தில், அதே ருமேனியா நாட்டில், அதே இயக்குநரையும் கதாநாயகியையும் வைத்து நான்காம் பாகத்தையும் எடுத்து முடித்து 2009 பிப்ரவரியில் காட்டிவிட்டார்கள். ஒரே கூடாரம், ஒரே சாமான், ஒரே சாப்பாட்டுச் செலவு, இரண்டு படம். ஒரு தண்டவாள வேலைக்கு லைன் பிளாக் வாங்கினால் கூடவே பாலத்து வேலையையும் முடித்துக்கொள்வோம். அதே சிக்கனந்தான். சிக்கனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சிக்கனம் எதில் என்பதுதான் கேள்வி.

கணக்கு உதைக்கும் இடங்கள்

கதை சுருக்கம் இதுதான். மருந்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில், சாகாமல் இருக்க வழி தேடி அனகோண்டாக்களை ராட்சத அளவுக்கு வளர்க்கிறார்கள். பணம் போட்ட நோயாளி முதலாளி பார்க்க வந்தவர், பாம்பின் முகத்தில் டார்ச் விளக்கை அடிக்கிறார். பாம்பு கோபம் கொண்டு சுவரை உடைத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறது. துப்பாக்கிப் படை ஒன்று தேடிப் போய் ஒவ்வொருவராகச் செத்து விழுகிறது.

முதல் குறை, கணினியில் வரைந்த அந்தப் பாம்புக்கு எடையே இல்லை. புல் மேல் போனால் புல் மடங்கவில்லை. மண்ணில் தடம் இல்லை. ஒரு காட்சியில் ரயில் பெட்டி அளவு இருப்பது, அடுத்த காட்சியில் பனைமரம் அளவுக்குச் சுருங்குகிறது.

படத்துப் பாம்பு 60 அடி என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் அளந்து எடை போட்ட பெரிய பச்சை அனகோண்டா 17 அடி, ஏறத்தாழ 97 கிலோ. நீளம் மூன்றரை மடங்கு ஆனால் எடையும் மூன்றரை மடங்குதான் ஆகும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அப்படி அல்ல. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து பெருகும். மூன்றரையை மூன்று முறை பெருக்கினால் 40 மடங்குக்கு மேல். அதாவது சுமார் நான்கு டன். அதைச் சுமக்கும் தசையின் குறுக்கு வெட்டோ 12 மடங்குதான் கூடும். சுமை 40, தாங்கும் பலம் 12. பாலம் கட்டியவன் யாரானாலும் இந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட மாட்டான். நான்கு டன் பாம்பு தண்ணீரில் மிதக்கலாம். படத்தில் வருவதுபோல் ஓடும் ஜீப்பைத் துரத்த முடியாது.

பெரிய பாம்பே இருந்ததில்லை என்று சொல்ல வரவில்லை. கொலம்பியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த ‘டைட்டனோபோவா’ பற்றி 2009-இல் வெளியிட்டார்கள். நீளம் சுமார் 13 மீட்டர், எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். நம் நாட்டிலும் உண்டு. குஜராத்தில் கட்ச் பகுதியின் பானந்திரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் 27 முதுகெலும்புத் துண்டுகள் கிடைத்தன. ரூர்க்கி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2024-இல் அதற்கு ‘வாசுகி இண்டிகஸ்’ என்று பெயர் வைத்தார்கள். நீளம் 11 முதல் 15 மீட்டர் வரை இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பு. காலம், சுமார் 4 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன். பாற்கடல் கடைந்த கயிற்றின் பெயரை அதற்கு வைத்தது எவ்வளவு பொருத்தம்! ருமேனியக் காட்டு ரப்பர்ப் பாம்பைவிட, இந்தக் கட்ச் எலும்பு பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்த கதை.

இரண்டாவது குறை, சத்தம். படத்துப் பாம்பு சிங்கம்போல் கர்ஜிக்கிறது. பாம்புக்குக் குரல் நாண் கிடையாது, சீறத்தான் தெரியும். மூன்றாவது, வால். இந்தப் பாம்பு வால் நுனியை ஈட்டிபோல் மனிதர்கள் மேல் குத்துகிறது! நிஜ அனகோண்டாவின் ஆயுதம் அணைப்பு ஒன்றுதான். சுற்றி இறுக்கி மூச்சை அடைக்கும் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 2015-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதே குடும்பத்தைச் சேர்ந்த போவாப் பாம்பை வைத்து அளந்து பார்த்ததில், சில நொடிகளிலேயே இரையின் இரத்த ஓட்டமே நின்றுபோவது தெரியவந்தது. இதை அப்படியே காட்டியிருந்தாலே நடுங்க வைத்திருக்கலாம். ஈட்டி எதற்கு?

நான்காவது, பசி. ஒரு வயிறு தின்ற மலைப்பாம்பு இனம் வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும். படத்துப் பாம்போ ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பட்டாளத்தையே முடிக்கிறது. நான்காம் பாகத்தில் வெட்டினாலும் பாம்பு மறுபடி வளர்ந்துவிடுகிறது. நான்காம் பாகத்துக்கு அதுதான் வசதி.

நம் பக்கமும் இந்தத் தொடர்ச்சி வியாதி இல்லாமல் இல்லை. 1979-இல் துரை இயக்கத்தில் கமல்ஹாசன், ஸ்ரீபிரியா நடித்த ‘நீயா?’ வந்தது. நாற்பது வருடம் கழித்து 2019-இல் ‘நீயா 2’. பெயரும் பாம்பும்தான் தொடர்ச்சி. சின்னத்திரையில் 2015-இல் தொடங்கிய இந்தி ‘நாகின்’, தமிழ்க் குரலில் ‘நாகினி’யாகி, பாகம் பாகமாக வந்தது. ஆனாலும் ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். நம் நாகங்கள் காரணமில்லாமல் கடிப்பதில்லை. துணையைக் கொன்றவனைத் தேடிக் கணக்குத் தீர்க்க வருகின்றன. அந்தக் கதைகளில் பாம்புக்கு ஒரு நியாயம் உண்டு. ருமேனியப் பாம்புக்கு ஊசி மருந்துதான் உண்டு.

பெயர் நம்முடையதா?

இனி அந்தப் பெயருக்கு வருவோம். ‘அனகோண்டா’ என்பது தென் அமெரிக்கச் சொல் அல்ல. 1693-இல் ஆங்கிலேய இயற்கை அறிஞர் ஜான் ரே, இலங்கைப் பாம்பு என்று குறித்து ‘அனகண்டயா’ என்ற பெயரைத் தம் பட்டியலில் சேர்த்தார். இது தமிழின் ‘ஆனைக்கொன்றான்’ என்பதன் திரிபு என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். சிங்களத்தில் ஒரு மெல்லிய பாம்பைக் குறிக்கும் ‘ஹெனகந்தயா’தான் மூலம் என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. இலங்கையிலிருந்து புறப்பட்ட பெயர் என்பதில் மட்டும் சண்டை இல்லை.

1768-இல் ‘ஸ்காட்ஸ் மேகசின்’ என்ற பத்திரிகையில், இலங்கையில் ஓர் அனகோண்டா மரத்திலிருந்து இறங்கிப் புலியை நொறுக்கியதாக ஒருவர் கண்ணால் கண்டதுபோல் எழுதினார். இலங்கையில் சிறுத்தை உண்டு, புலி கிடையாது! ஆக, இந்தப் பாம்பைப் பற்றிய புளுகுக்கு வயது இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல். தொலைக்காட்சிக்காரர்கள் புதிதாக எதையும் தொடங்கவில்லை. பிறகு அந்தப் பெயர் கடல் கடந்து அமேசான் பாம்பின் மேல் ஒட்டிக்கொண்டது.

இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 2014-இல் கொழும்பு தெஹிவளை உயிரியல் பூங்காவிலிருந்து ஏழு பச்சை அனகோண்டாக்கள் நம் திருவனந்தபுரம் உயிரியல் பூங்காவுக்கு வந்தன. இலங்கையிலிருந்து பெயர் அமேசானுக்குப் போனது. அமேசான் இனப் பாம்போ இலங்கை வழியாக நம் ஊருக்கு வந்தது. அந்த ஏழில் சில பின்னர் இறந்துவிட்டன. வந்த புதிதில் வரிசையில் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீரில் பாதி முழுகி, முக்கால் மணி நேரம் அது அசையவே இல்லை. எனக்கு முன்னால் நின்ற ஒரு சிறுவன், “இது நிஜமில்லை, பொம்மை” என்று தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டான். பொய்ப் பாம்பை நிஜமென்று நம்பிய கண்ணுக்கு நிஜப் பாம்பு பொம்மையாகத் தெரிகிறது. படத்தின் எல்லாக் குறைகளிலும் பெரியதாக எனக்குப் படுவது இதுதான்.

அச்சம் தவறான விலாசத்துக்குப் போகிறது

சினிமா தானே, இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று சில அன்பர்கள் கேட்கலாம். கேளிக்கையைக் கேளிக்கையாகப் பார்ப்பதில் எனக்கும் சம்மதமே. ஆனால் நம் பிள்ளைகள் அறுபது அடிப் பாம்புக்குப் பயப்படக் கற்கிறார்கள். இரண்டடிப் பாம்புக்குக் கற்பதில்லை. நம் நாட்டில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. இதில் ஒருவரைக்கூட அனகோண்டா கொல்லவில்லை. பெரும்பாலும் காரணம் நான்கு: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்.

செங்கோட்டை - புனலூர் மலைப்பாதை மீட்டர் கேஜாக இருந்த நாட்களில் சில வருடம் நான் அங்கே வேலை பார்த்தேன். மலைப்பாம்பு தண்டவாளத்தைக் கடந்து போவதைக் கேங்மேன்கள் ஒதுங்கி நின்று பார்ப்பார்கள். யாரும் அதற்கு அஞ்சியதில்லை. என்னோடு இருந்த கீமேன் ஒருவரைக் கடித்தது, ஜல்லிக் குவியல் ஓரத்தில் சுருண்டு கிடந்த கண்ணாடி விரியன். கூட இருந்தவர்கள் காலை இறுக்கிக் கயிறு கட்டினார்கள். முதலில் பச்சிலை கட்டுபவரிடம் தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. உயிர் பிழைத்தார். சிறுநீரகம் கெட்டு, பல வாரம் இரத்தச் சுத்திகரிப்பில் இருந்தார். மறுபடி சுத்தியல் தூக்கி லைனில் நடக்க அவரால் முடியவில்லை. அன்று அவரைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள், அவர்மேல் அன்பானவர்கள். என்ன செய்ய வேண்டும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

2019 நவம்பரில் நம் கேரளத்திலேயே, வயநாடு சுல்தான் பத்தேரியில், வகுப்பறைத் தரையில் இருந்த பொந்துப் பாம்பு கடித்து ஒரு பள்ளிச் சிறுமி இறந்தாள். நாடே அழுதது. அடுத்த வருடம் கேரள வனத்துறை ‘சர்ப்பா’ என்ற கைப்பேசிச் செயலியைக் கொண்டுவந்தது. வீட்டில் பாம்பு நுழைந்தால் அதன் வழியாகப் பயிற்சி பெற்றவரை அழைக்கலாம். அடிக்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். நம் வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இது இருக்க வேண்டும்.

கடிபட்டால் செய்ய வேண்டியதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பதறி ஓட விடக் கூடாது. கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைக்க வேண்டும். மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்ற வேண்டும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எல்லாம் சினிமா வைத்தியம், கூடவே கூடாது. பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்காமல், விஷமுறிவு மருந்து இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும்.

நிஜமான வேட்டைக்காரர்கள்

அந்த விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து. இந்தியாவில் மருந்துக்குத் தேவையான விஷத்தின் பெரும்பகுதியைக் கொடுப்பவர்கள் அவர்களே. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, பிறகு காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள்.

அந்த இருளர்களில் இருவர், வடிவேல் கோபாலும் மாசி சடையனும், 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். வளர்ப்புக்காகக் கொண்டுவந்த பர்மிய மலைப்பாம்புகள் அங்கே சதுப்புக் காட்டில் பெருகி, மற்றப் பிராணிகளையெல்லாம் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. நம் ஆட்கள் கையில் துப்பாக்கி இல்லை. கடப்பாரையும் அரிவாளும் கண்ணும்தான். ஒரு வாரத்துக்குச் சற்று மேலான நாட்களில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று, பழைய ஏவுகணைத் தளத்தின் இடிபாட்டுக்குள் கிடந்த 16 அடிப் பெண் பாம்பு. தடம், எச்சம், புல் மடங்கிய விதம் எல்லாம் பார்த்துப் போகிறார்கள் என்று அங்குள்ள விஞ்ஞானிகள் வியந்தார்கள். படத்துப் பாம்பு மடக்க மறந்த அதே புல்லைத்தான் சொல்கிறேன். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஹாசல்ஹாஃப் படையில் எத்தனை துப்பாக்கி, எத்தனை வண்டி! ஒருவர் பின் ஒருவராகப் பாம்புக்கு இரையானார்கள். செங்கல்பட்டுப் பக்கத்து எளிய தமிழர் இருவர் கோணிப்பையோடு போய் வேலையை முடித்துத் திரும்பினார்கள். எது படமாக வந்திருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நம் பிள்ளைகள் தொலைக்காட்சி பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்க்கட்டும், தமிழ் காதில் விழட்டும். ஆனால் அந்தத் தமிழில் ஒரு குறை உண்டு. “ஓ கடவுளே, நாம் இங்கிருந்து உடனே வெளியேறியாக வேண்டும்” என்று பாம்பைக் கண்ட எந்தத் தமிழனும் சொன்னதில்லை. “ஐயோ பாம்பு, ஓடு!” என்பான். உதட்டசைவுக்குப் பொருத்தித் தைத்த அந்தத் தமிழை, பக்கத்தில் உட்கார்ந்து திருத்திச் சொல்ல ஒரு தாத்தாவோ பாட்டியோ வேண்டும்.

அதனால் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள்; திங்கட்கிழமை விடுமுறை. பாம்புக் கூடத்தின் முன் பத்து நிமிடமாவது நில்லுங்கள். ஆனைக்கொன்றான் கதையையும் வடிவேல், மாசி கதையையும் அங்கே வைத்துத் தமிழில் சொல்லுங்கள். திரும்பி வந்ததும், அருகிலுள்ள எந்த ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து உண்டு என்று விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்டி வையுங்கள்.